முதலில் வெட்டப் பழகட்டும்

இரும்பைச் சுத்தமாக வெட்டுவதும் பத்திரமாக வெட்டுவதும் ஒரே திறமை. வெல்டிங் பயிற்சியும் தேர்வும் இதை ஏற்றுக்கொண்டால், பட்டறைகளில் பல கண்களும் உயிர்களும் மிஞ்சும்.

திருத்தணிக்கு வடமேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது பள்ளிப்பட்டு. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி, திருத்தணியோடு சேர்ந்து சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழகத்துக்கு வந்த பகுதி இது. கொசஸ்தலை ஆற்றை ஒட்டிக் கரும்பும் நெல்லும் விளைகின்றன. பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டை என்று சுற்றிலும் தறி ஓடும் ஊர்கள். கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்குகின்றன. இப்படிப்பட்ட வட்டாரத்தில் வெல்டிங் பட்டறையை நம்பாத தொழில் எதுவும் இல்லை. திருவாலங்காடு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிரெய்லர் விரிசல் விட்டாலும், விசைத்தறியில் ஓர் இரும்புச் சட்டம் உடைந்தாலும், புது வீட்டுக்கு கேட்டும் கிரில்லும் வேண்டுமென்றாலும் மக்கள் போய் நிற்பது அங்கேதான். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வெல்டிங் வெளியூர் வேலைக்கான வழியும்கூட. திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், எல்லைக்கு அப்பால் ஸ்ரீசிட்டி என்று எந்தத் தொழிற்பேட்டைக்குப் போனாலும் வெல்டருக்கு இடம் உண்டு. இந்தத் தொழிலைப் பிள்ளைகள் இரண்டு வழியில் கற்கிறார்கள்: ஒன்று ஐ.டி.ஐ., மற்றொன்று பட்டறையில் ஹெல்பராகச் சேர்வது. இரண்டிலும் ஒரு பொதுக்குறை இருக்கிறது. ஒட்டுவதைத்தான் தொழில் என்று நினைக்கிறோம். வெட்டுவதை அதற்கு முந்தைய எடுபிடி வேலையாக எண்ணிப் புதிதாக வந்த பையனிடம் தள்ளிவிடுகிறோம். வெல்டிங் பட்டறையின் மிகக் கொடிய ஆபத்துகள் பலவும் அந்த வேலைக்குள்தான் இருக்கின்றன.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். உலோகத்தை வெட்டுவது முழுமையான ஒரு கைத்திறன். அதில் பாதுகாப்பு என்பது வேலைக்கு மேலே போர்த்தும் கூடுதல் உறை அல்ல. வெட்டின் தரத்தைத் தீர்மானிக்கும் அதே கவனம்தான் வெட்டுபவரின் உடலையும் காக்கிறது. ஆகவே பாதுகாப்பைத் தனிப் பாடமாகச் சொல்லித் தனிக் கட்டத்தில் மதிப்பெண் போடுவது போதாது. பத்திரமாக வெட்டத் தெரியாதவருக்கு வெட்டவே தெரியாது என்று பயிற்சியும் தேர்வும் ஒப்புக்கொள்ள வேண்டும். வெட்டத் தெரிந்த பிறகே அவர் கையில் வெல்டிங் ஹோல்டரைக் கொடுக்க வேண்டும்.

பாடத்திட்டம் இதை அடியோடு மறந்துவிட்டது என்று சொல்வது நியாயமாகாது. 1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் இன்றும் நடக்கும் வெல்டர் பிரிவு, எட்டாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றவர்கள் சேரக்கூடிய ஓராண்டுப் படிப்பு. முதல் நாட்களிலேயே பாதுகாப்பு விதிகள் வருகின்றன. பிறகு தகட்டில் குறியிடுவது, ஹாக்ஸாவால் அறுப்பது, அரம் போடுவது, அதன்பின் கேஸ் கட்டிங்கில் நேர்வெட்டு, சாய்வெட்டு என்று வரிசை போகிறது. சென்னை கிண்டியில் 1986-இல் ஜெர்மனியின் உதவியோடு நிறுவப்பட்ட தேசியப் பயிற்று ஊடக நிறுவனம் இதற்கான புத்தகங்களைத் தமிழிலும் தருகிறது. செய்முறை மதிப்பீட்டில் பாதுகாப்பு உணர்வுக்கென்று இடமும் ஒதுக்கியிருக்கிறார்கள். சிக்கல் அந்த இடம் தனியாக இருப்பதில்தான். அளவும் நேர்த்தியும் வேகமும் சரியாக இருந்தால், பாதுகாப்பில் இழந்த மதிப்பெண்ணை மாணவர் வேறு கட்டத்தில் ஈடுகட்டிவிடலாம். கண்ணாடி போடாமல் வெட்டிய துண்டும் தேர்ச்சி பெறும். அந்தத் தேர்விலிருந்து மாணவர் எடுத்துக்கொண்டு போகும் பாடம் என்ன? பாதுகாப்பை விட்டுக்கொடுத்தாலும் வேலை நன்றாக அமையும் என்பதுதான். இது உண்மைக்கு நேர் எதிரான பாடம். ஏன் என்பதை வெட்டு எப்படி நடக்கிறது என்று பார்த்தால் விளங்கும்.

இரும்பு எரிகிறது

கேஸ் கட்டிங்கில் இரும்பு உருகித்தான் பிரிகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது எரிகிறது. அசிட்டிலினும் ஆக்சிஜனும் சேர்ந்த சுடர் சுமார் 3,100 டிகிரி செல்சியஸ் வெப்பம் கொண்டது. அந்தச் சுடரின் வேலை, தகட்டின் ஓர் இடத்தைச் செக்கச்செவேல் என்று, ஏறத்தாழ 900 டிகிரிக்குப் பழுக்கவைப்பது மட்டுமே. அதன்பின் கட்டரின் நெம்புகோலை அழுத்தினால் தூய ஆக்சிஜன் பீறிட்டு வந்து அந்த இரும்பை எரித்துவிடுகிறது. எரிந்ததால் உண்டாகும் ஆக்சைடு, இரும்பைவிடக் குறைந்த வெப்பத்தில், சுமார் 1,370 டிகிரியிலேயே உருகுவதால், அதே ஆக்சிஜன் வேகத்தில் கசடாக வழிந்து கீழே போய்விடுகிறது. அலுமினியத்தில் இது நடக்காது. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். அதன் ஆக்சைடோ 2,000 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குரோமிய ஆக்சைடு கவசம்போல் நின்று தடுக்கிறது. இந்த ஒரு விளக்கத்தைப் புரிந்துகொண்ட மாணவர், எதைக் கேஸால் வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்பதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, தானே சொல்லிவிடுவார். வெட்டும் இடத்துக்கு அடியில் எரியும் இரும்பின் ஆறு ஒன்று ஓடுகிறது, அது எங்கே போய் விழும் என்று தெரியாமல் நெம்புகோலில் கை வைக்கக் கூடாது என்பதும் அவருக்குப் புரியும்.

இப்போது வெட்டின் தரத்துக்கு வருவோம். நல்ல மேஸ்திரி ஒருவர் வெட்டுமுகத்தைப் பார்த்தே வெட்டியவரின் கையைப் படித்துவிடுவார். விளிம்பு கூராக நின்று, கோடுகள் மெல்லிசாக ஏறத்தாழ நேராக இறங்கி, அடியில் கசடு ஒட்டாமல் இருந்தால் எல்லாம் சரி. மேல் விளிம்பு உருகி வழிந்திருந்தால் சுடர் பெரிது, அல்லது கை மெதுவாகப் போயிருக்கிறது. கோடுகள் பின்னோக்கி வளைந்து அடியில் கசடு கட்டியிருந்தால் கை அவசரப்பட்டிருக்கிறது. வெட்டு அகன்று பள்ளம் விழுந்திருந்தால் ஆக்சிஜன் அழுத்தம் தேவைக்கு அதிகம், அல்லது நாசிலின் துளையில் அழுக்கு. இந்தக் குறைகளின் பட்டியலை அப்படியே திருப்பிப் பிடித்தால் விபத்துகளின் பட்டியல் வந்துவிடும். அவசரத்தில் தகடு அடிவரை அறுபடாமல் போனால் எரியும் கசடு மேல்நோக்கித் திரும்பி முகத்தில் அடிக்கும். அழுத்தம் கூடினால் தீப்பொறி இன்னும் தூரம் பறக்கும். நாசில் அடைத்தாலோ, தகட்டில் இடித்தாலோ, அளவுக்கு மீறிச் சூடேறினாலோ பட்டென்று சுடர் உள்ளே திரும்பும். கெட்ட நேரத்தில் அந்தச் சுடர் ஹோஸ் வழியே சிலிண்டர் பக்கம் ஓடும். 6 முதல் 19 மி.மீ. கனமுள்ள தகட்டுக்கு 1.2 மி.மீ. துளையுள்ள நாசில், தகட்டுக்கும் சுடரின் உட்கூம்புக்கும் சில மி.மீ. இடைவெளி, கனத்துக்கேற்ற அழுத்தம், துளையைக் குத்திச் சுத்தம் செய்த பிறகே பற்றவைப்பது: இவை நேர்த்தியான வெட்டுக்கான விதிகளா, பாதுகாப்பு விதிகளா? பிரிக்க முடியாது. ஒரே விதிக்கு இரண்டு பலன்கள். அதனால்தான் இவற்றை இரண்டு கட்டங்களில் மதிப்பிடுவது தவறு என்கிறோம்.

வாயுக்களின் இயல்பும் இதே போலத்தான். அசிட்டிலின் தனித்து அழுத்தப்பட்டால், காற்றோ பொறியோ இல்லாமலே வெடித்துச் சிதறக்கூடிய வாயு. சிலிண்டருக்கு வெளியில் ஒரு சதுர செ.மீ.க்கு 1 கிலோ அழுத்தத்தைத் தாண்டவிடக் கூடாது. அதனால்தான் சிலிண்டருக்குள் நுண்துளைகள் நிறைந்த பொருளை நிரப்பி, அதில் அசிட்டோனை ஊறவைத்து, அந்த அசிட்டோனில் வாயுவைக் கரைத்து அடைக்கிறார்கள். சிலிண்டரைப் படுக்கவைத்துப் பயன்படுத்தினால் அசிட்டோன் வாயுவோடு வெளியேறும் என்பதால்தான் அதை நிமிர்த்தியே வைக்கச் சொல்கிறார்கள். அசிட்டிலினுக்குச் செம்புக் குழாயை இணைத்தால் தட்டினாலே வெடிக்கும் செம்பு அசிட்டிலைடு உருவாகும். சிலிண்டருக்குள் அசிட்டிலினை அடக்கிவைக்கும் நுண்துளைப் பொருளை மேம்படுத்தியவர்களில் முக்கியமானவர் ஸ்வீடன் பொறியாளர் குஸ்டாஃப் தாலேன். கலங்கரை விளக்கங்களுக்கான தானியங்கி வாயுக் கருவிகளுக்காக 1912-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற அவர், அதே ஆண்டு அசிட்டிலின் சிலிண்டர் சோதனையில் நேர்ந்த வெடிப்பில் இரண்டு கண்களையும் இழந்தார். இந்த வாயுவை உலகிலேயே நன்றாக அறிந்தவர்களில் ஒருவருக்கே நேர்ந்தது இது. பழக்கம் இருக்கிறது என்ற நம்பிக்கை மட்டும் யாரையும் காக்காது. ஆக்சிஜனின் ஆபத்து வேறு விதம். அது எரிவதில்லை; எரியும் எதையும் வெறிபிடித்ததுபோல் எரியவிடும். ரெகுலேட்டரில் எண்ணெயோ கிரீஸோ பட்டால் அழுத்தமான ஆக்சிஜனில் அது தானே தீப்பற்றும். உடம்பு வியர்க்கிறது என்று ஆக்சிஜன் ஹோஸைச் சட்டைக்குள் பிடித்துக் காற்று வாங்கினால், துணி முழுவதும் ஆக்சிஜன் ஊறி, அடுத்த பொறியில் சட்டை தீப்பந்தமாகிவிடும். ஆக்சிஜன் சிலிண்டர் கறுப்பு, அசிட்டிலின் சிலிண்டர் அரக்குச் சிவப்பு; ஆக்சிஜனுக்கு வலப்புற மரை, அசிட்டிலினுக்கு இடப்புற மரை. மாறிப் பொருத்தவே முடியாதபடி இப்படி வடிவமைத்ததற்குப் பின்னால் நூறாண்டு விபத்துகளின் படிப்பினை இருக்கிறது. மாணவருக்கு நிறத்தைச் சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதாது. காரணத்தையும் சொல்ல வேண்டும். காரணம் தெரிந்தவர்தான் அடாப்டர் போட்டு மாற்றிப் பொருத்தும் குறுக்கு வழிக்குப் போகமாட்டார்.

கிரைண்டரின் கணக்கு

பள்ளிப்பட்டு போன்ற ஊர்களில் கேஸ் கட்டரைவிட அதிகம் ஓடுவது கிரைண்டர். ஸ்கொயர் டியூப், ஆங்கிள், சன்ன பிளேட் எல்லாவற்றையும் நாலு அங்குல கிரைண்டரில் கட்டிங் வீல் மாட்டி அறுத்துவிடுகிறார்கள். கைக்கு அடக்கமான மெஷின் என்பதால் அதன் வேகம் கண்ணுக்குத் தெரிவதில்லை. 100 மி.மீ. வீல் நிமிடத்துக்கு 12,000 சுற்று சுற்றினால், அதன் விளிம்பு நொடிக்குச் சுமார் 63 மீட்டர், அதாவது மணிக்கு 226 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. வீலின் மேல் அச்சிட்டிருக்கும் உச்ச வேகம் பொதுவாக நொடிக்கு 80 மீட்டர். சீக்கிரம் அறுபட வேண்டும் என்று அதே மெஷினில் 125 மி.மீ. வீலை மாட்டினால் விளிம்பு வேகம் 78 மீட்டரைத் தாண்டி எல்லையைத் தொட்டுவிடும். கூடவே, வீலை மறைத்து நிற்கும் காப்பு மூடியான கார்டைக் கழற்றினால்தான் அந்த வீல் உள்ளே போகும். 180 மி.மீ. வீலை மாட்டினால் வேகம் 113 மீட்டர். அந்த வேகத்துக்குச் செய்யப்படாத வீல் வெடித்துச் சிதறும்போது துண்டுகள் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கார்டு இருந்த இடம் வெறுமையாக இருந்தால் முகத்துக்கும் வரும், கழுத்துக்கும் வரும். இந்தக் கணக்கைப் போட எட்டாம் வகுப்புப் படித்தவருக்குத் தெரிந்த பெருக்கலே போதும். கார்டைக் கழற்றாதே என்று நூறு தடவை சொல்வதைவிட, வட்டத்தின் சுற்றளவை நிமிடச் சுற்றால் பெருக்கி மாணவரே ஒரு முறை விடை காண்பது ஆழமாகப் பதியும்.

இங்கும் நல்ல வெட்டும் பத்திரமான வெட்டும் பிரியாது. பொருளை வைஸில் இறுக்கி, வெட்டும்போது பிளவு மூடிக்கொள்ளாமல் விரியும்படி தாங்கு கொடுத்து, வீலைப் பக்கவாட்டில் நெளிக்காமல் நேராக இறக்கினால் வெட்டு நேராக வரும். வீலும் நீண்ட நாள் உழைக்கும். தாங்கு தப்பினால் பிளவு வீலைக் கவ்வி, கிரைண்டர் துள்ளி வெட்டுபவரின் மேலேயே பாயும். அரைக்கும் வீலுக்கும் அறுக்கும் வீலுக்கும் வேறுபாடு தெரியாதவர் மெல்லிய கட்டிங் வீலின் பக்கத்தால் தேய்ப்பார்; அது நொறுங்கும். வீலின் நடுவளையத்தில் காலாவதித் தேதி அச்சிட்டிருப்பதையும், ஈரம் குடித்த பழைய வீல் பலமிழந்துவிடும் என்பதையும் அறியாமல் மாட்டுபவர்கள் ஏராளம். மரம் அறுக்கும் பல் பிளேடைக் கிரைண்டரில் மாட்டும் வழக்கம் விரல்களைப் பறிக்கிறது.

தகட்டுக்கு அப்பால் பார்க்கும் கண்

வெட்டுபவரின் திறமை தகட்டோடு முடிந்துவிடாது. 1942 பிப்ரவரி 9-ஆம் தேதி நியூயார்க் துறைமுகத்தில் பிரெஞ்சுக் கப்பலான நார்மாண்டியைப் படைக்கப்பலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஓர் இரும்புத் தூணைக் கேஸ் கட்டரால் வெட்டியபோது பறந்த பொறி, பக்கத்தில் குவித்திருந்த உயிர்காப்பு உடைகளில் விழுந்தது. உலகின் மிகப் பெரிய பயணிகள் கப்பல்களில் ஒன்று எரிந்து, தீயணைக்க ஊற்றிய தண்ணீரின் பாரத்தால் கவிழ்ந்தது. 1996 ஏப்ரல் 11 அன்று ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் விமான நிலையத்தில் வெல்டிங் பொறி, கூரைக்குள் இருந்த காப்புப் பொருளில் புகுந்து பற்றிய தீயில் 17 பேர் இறந்தார்கள். 2010 நவம்பர் 15 அன்று சீனாவின் ஷாங்காயில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் 58 பேர் மாண்டதற்குக் காரணம், உரிமம் இல்லாத வெல்டர்களின் பொறி என்று விசாரணை சொன்னது. மூன்று இடங்களிலும் சுற்றி எரியக்கூடியது என்ன இருக்கிறது என்று யாரும் சரியாகப் பார்க்கவில்லை. கேஸ் கட்டிங் பொறி 10 மீட்டருக்கு மேலும் பறக்கும் என்பதால், அந்தத் தூரம்வரை எரியக்கூடிய பொருளை அகற்ற வேண்டும் அல்லது மூட வேண்டும், வேலை முடிந்த பின்னும் அரை மணிக்குக் குறையாமல் ஒருவர் காவல் நிற்க வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட நடைமுறை. பள்ளிப்பட்டு வட்டாரத்துக்கு இது வெளிநாட்டுக் கதை அல்ல. விசைத்தறிக் கூடத்தில் சட்டம் உடைந்தால் வெல்டர் அங்கேயே போய்த்தான் வெட்டுகிறார். மூலை முடுக்கெல்லாம் பஞ்சுத் தூசியும் நூல் கழிவும் படிந்திருக்கும் இடம் அது. பொறி விழுந்த நொடியில் பற்றாமல் உள்ளுக்குள் புகைந்து, ஆள் போன பிறகு நடுச்சாமத்தில் எரியத் தொடங்கலாம்.

இதைவிடக் கொடியது மூடிய கலங்களை வெட்டுவது. 200 லிட்டர் டிரம்மை இரண்டாகப் பிளந்து தொட்டி செய்வது, டீசல் டேங்கைப் பிரிப்பது, ரசாயனம் வந்த பீப்பாயைத் திறப்பது எல்லாம் சிறு பட்டறைகளுக்கு அன்றாடம் வரும் வேலைகள். காலி டிரம் என்று நினைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. நிறைந்த டிரம்மில் காற்றுக்கு இடமில்லை. காலி டிரம்மில் ஆவியும் காற்றும் வெடிக்கும் விகிதத்தில் கலந்து நிற்கும். டீசல் எளிதில் பற்றாது என்பார்கள். ஆனால் சுடர் படும் தகட்டின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் டீசல் படலம் சூட்டில் ஆவியாகிவிடும். 2014 ஜூனில் குஜராத்தின் அலாங் கப்பல் உடைக்கும் தளத்தில் நேர்ந்த வெடிப்பில் 5 தொழிலாளர்கள் இறந்தார்கள். 2016 நவம்பர் 1 அன்று பாகிஸ்தானின் கடானியில் எண்ணெய்க் கப்பல் ஒன்றை உடைக்கும்போது ஏற்பட்ட வெடிப்பும் தீயும் 26 பேருக்கு மேல் பலிகொண்டன. 2018 பிப்ரவரி 13 அன்று கொச்சி கப்பல் கட்டும் தளத்தில், பழுதுபார்ப்புக்கு வந்திருந்த சாகர் பூஷண் துளையிடு கப்பலின் உள்ளறையில் கசிந்து தேங்கிய வாயு பற்றி 5 பேரைக் கொன்றது. கொச்சி ஒழுங்கான விதிகளும் பாதுகாப்பு அலுவலர்களும் உள்ள இடம். அங்கேயே இப்படி என்றால், விதியே எட்டாத ஒற்றை ஷட்டர் பட்டறையில் பயிற்சியைத் தவிர வேறு காவல் என்ன இருக்கிறது?

'நாற்பது வருஷமா இப்படித்தான்'

பட்டறைக்காரர்களின் முதல் ஆட்சேபம் இதுதான்: நாற்பது வருஷமாகக் கண்ணாடி இல்லாமல், கார்டு இல்லாமல் வெட்டுகிறோம், ஒன்றும் ஆகவில்லை. இந்த வாதத்தில் ஓர் உண்மை உண்டு. பட்டறை மேஸ்திரியின் கை, வகுப்பறை தர முடியாத அறிவைப் பெற்றிருக்கிறது. ஆக்சிஜன் பாயும் சத்தத்தை வைத்தே நாசில் அடைத்ததைக் கண்டுபிடிக்கும் காது அவருடையது. அந்த அறிவை மதிக்காத பயிற்சி உருப்படாது. ஆனால் நாற்பது வருஷம் தப்பியவர்தான் இன்று பேச இருக்கிறார். கண் போனவரும் விரல் போனவரும் தொழிலை விட்டுப் போய்விட்டார்கள், அவர்கள் சாட்சி சொல்ல வருவதில்லை. தவிர, எல்லாத் தீங்கும் வெடித்துக்கொண்டு வருவதில்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் வகையில் சேர்த்தது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயை வெட்டும்போது எழும் புகை சாயங்காலத்துக்குள் குளிர்காய்ச்சலைக் கொண்டுவரும். பால் குடித்தால் சரியாகும் என்ற நம்பிக்கை அந்தப் புகையை நுரையீரலுக்குள் போகாமல் தடுக்காது. காற்றோட்டமும் முகமூடியும்தான் தடுக்கும்.

இரண்டாவது ஆட்சேபம் செலவும் நேரமும். சிறு பட்டறைக்கு ஒவ்வொரு ரூபாயும் கணக்கு என்பது உண்மை. ஆனால் சுடர் உள்ளே திரும்பினால் தடுத்து நிறுத்தும் ஃபிளாஷ்பேக் அரெஸ்டர்களின் விலை பெரும்பாலும் ஒரு நல்ல கிரைண்டரின் விலைக்குள் அடங்கிவிடும். சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்ப்பதற்குச் செலவே இல்லை. ஸ்பார்க் லைட்டர், கேஸ் கட்டிங்குக்கு ஏற்ற 4 அல்லது 5-ஆம் எண் கண்ணாடி, தோல் கையுறை இவையெல்லாம் ஒரு கண் ஆபரேஷன் செலவோடு ஒப்பிட முடியாத சிறு தொகை. கார்டைக் கழற்றுவதால் மிச்சமாகும் நொடிகளைவிட, கோணலாக வெட்டிய துண்டை மறுபடி அரைத்துச் சரிசெய்யப் போகும் நேரம் அதிகம். கசடு கட்டிய விளிம்பைத் தட்டித் தேய்த்த பிறகுதான் வெல்ட் போட முடியும். சுத்தமான வெட்டு அந்த வேலையையே இல்லாமல் செய்கிறது. வீட்டு உபயோக எல்.பி.ஜி. சிலிண்டரை ஆக்சிஜனோடு சேர்த்து வெட்டுவது மலிவு என்று பலரும் செய்கிறார்கள். அது சட்டப்படி தவறு. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். அதற்கென்று தனி நாசிலும் வேண்டும். மலிவு என்று தொடங்கியது ஒரு நாளில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடும்.

மூன்றாவதாக, இனி எல்லாம் மெஷின் வந்துவிடும், கையால் வெட்டப் பழகுவது வீண் என்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் கணினி இயக்கும் பிளாஸ்மாவும் லேசரும் ஏற்கெனவே வெட்டுகின்றன. ஆனால் வயலில் உடைந்த டிரெய்லரை லேசர் மேடைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பழைய கொட்டகையைப் பிரிப்பவரும், கட்டடத்தில் சேனலைப் பொருத்துபவரும் கையால்தான் வெட்டியாக வேண்டும். மெஷின் வெட்டினாலும் வெட்டுமுகத்தைப் படித்து எங்கே பிழை என்று சொல்ல, கையால் வெட்டிப் பழகிய கண் தேவை. கடைசியாக, விபத்தெல்லாம் தொழிலாளியின் அஜாக்கிரதை என்ற பேச்சு. ஜாக்கிரதை என்பது பிறவிக் குணம் அல்ல. சுடர் உள்ளே திரும்பும் அந்த ஒரு நொடியில், எந்த வால்வை மூடுவது என்று யோசிக்க நேரம் இருக்காது; பல நூறு தடவை செய்து பழகிய கை மட்டுமே தானாகப் போகும். அந்தப் பழக்கத்தைத் தராமல் அனுப்பிவிட்டு, பிறகு அஜாக்கிரதை என்று பழி போடுவது அநீதி.

சட்டம் எட்டாத இடம்

சட்டம் இல்லாமல் இல்லை. எரியக்கூடிய பொருள் இருந்த தொட்டியையோ கலத்தையோ, அந்தப் பொருளையும் அதன் ஆவியையும் முழுவதும் அகற்றாமல் வெல்டிங்கோ கட்டிங்கோ செய்யக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 37-ஆம் பிரிவிலேயே தெளிவாகச் சொன்னது. வெல்டிங், கட்டிங் பாதுகாப்புக்கான இந்தியத் தர நெறிமுறை 1968-லேயே வந்துவிட்டது. ஆனால் மின்சக்தியோடு 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடம் அந்தச் சட்டத்தின் பொதுவான வரையறைக்குள் வரவில்லை. 2020-ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்த எல்லையை 20 பேராக உயர்த்திவிட்டது. ஓர் உரிமையாளரும் இரண்டு ஹெல்பர்களும் உள்ள பட்டறைக்கு ஆய்வாளர் வரப்போவதில்லை. விதி எட்டாத இடத்துக்குப் பழக்கம்தான் எட்டும். அந்தப் பழக்கத்தை உண்டாக்கும் ஒரே இடம் பயிற்சி.

அதற்குப் பெரிய திட்டம் எதுவும் புதிதாக வேண்டியதில்லை. இருக்கும் பயிற்சியில் நான்கு மாற்றங்கள் போதும். முதலாவது, வெல்டர் தேர்வில் பாதுகாப்பு தனி மதிப்பெண்ணாக இருக்கக் கூடாது. நுழைவாயிலாக இருக்க வேண்டும். கசிவு பார்க்காமல் சுடரை மூட்டியவரின் துண்டை, அது எவ்வளவு நேராக இருந்தாலும், அளக்கவே கூடாது. திரும்பவும் முதலிலிருந்து செய்யச் சொல்ல வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு வெட்டுப் பயிற்சியின் முடிவிலும் மாணவர் தன் வெட்டுமுகத்தைக் கையில் எடுத்து, இந்தக் கோடு ஏன் வளைந்தது, இந்தப் பிழை எந்த விபத்துக்கு வழிவிடும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இதற்கு ஒரு தகடும் பொறுமையான பயிற்றுநரும் போதும். இருபது பேருக்கு ஒரே கட்டர் என்ற நிலை இருந்தால் அது நடக்காது என்பதால், கூடுதல் கட்டர்களுக்கும் வெட்டிப் பழகத் தேவையான தகட்டுக்கும் அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும். அரசு ஐ.டி.ஐ.களைப் பல நூறு கோடியில் நவீன இயந்திரங்களோடு மேம்படுத்தும் தமிழக அரசுக்கு, சில டன் இரும்புத் தகடு பெரிய பாரம் அல்ல.

மூன்றாவது, ஐ.டி.ஐ. வாசலை மிதிக்காத பட்டறைத் தொழிலாளிகளைத் தேடிப் போக வேண்டும். ஏற்கெனவே கற்ற திறனைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடு, 2015-இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இருக்கிறது. அதை வெறும் சான்றிதழ் வழங்கும் விழாவாக்காமல், பட்டறை ஓய்ந்திருக்கும் நாளில், பட்டறையிலேயே, அவர்கள் புழங்கும் டிரம்மையும் கிரைண்டரையும் வைத்து நடத்த வேண்டும். டிரம்மைக் கழுவுவது, தண்ணீர் நிரப்பிக் காற்றிடத்தைக் குறைப்பது, வாயைத் திறந்துவைப்பது, கேஸை விட்டுவிட்டு வேறு வழியில் வெட்டுவது என்று ஒவ்வொன்றையும் செய்து காட்ட வேண்டும். பள்ளிப்பட்டில் அந்தப் பயிற்சி தமிழிலும் தெலுங்கிலும் நடக்க வேண்டும். சுடர் திரும்பும் நேரத்தில் ஒருவருக்குத் தன் வீட்டு மொழிதான் முதலில் காதில் ஏறும். பட்டறையின் மூத்த மேஸ்திரிகளையே பயிற்றுநர்களாக்கினால், கையறிவும் காரண அறிவும் ஒன்றாகச் சேரும். நான்காவது, இந்தச் சான்று பெற்றவரைக் கூலியில் வேறுபடுத்த வேண்டும். அரசு ஒப்பந்த வேலைகளிலும் கூட்டுறவு ஆலைகளிலும் வெட்டும் பணிக்குச் சான்று பெற்றவரே வேண்டும் என்று வைத்தால், அந்தச் சான்றுக்குச் சந்தை மதிப்பு தானே உண்டாகும்.

வெல்டிங் பட்டறைக்குள் நுழையும் பதினெட்டு வயதுப் பிள்ளை தன் கண், கை, நுரையீரல் மூன்றையும் முதலாகப் போட்டுத் தொழிலைத் தொடங்குகிறான். அந்த முதலைக் காப்பது அவன் பொறுப்பு மட்டுமல்ல. அவனுக்குத் தொழில் சொல்லிக்கொடுப்பவரின் கடமை, சான்றிதழில் கையெழுத்திடும் அரசின் கடமை. வெட்டும் வேலையை எடுபிடி வேலையாக நினைத்துப் புதியவனிடம் தள்ளிவிடும் வழக்கத்தை இன்றே நிறுத்தலாம். அதற்குச் சட்டத் திருத்தமோ தனி நிதியோ தேவையில்லை. பட்டறையின் மூத்தவர் முதல் மாதம் முழுவதும் பையன் பக்கத்தில் நின்று வெட்டச் சொல்லிக்கொடுத்து, வெட்டுமுகத்தைப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகே ஹோல்டரைக் கையில் கொடுப்பது என்று முடிவெடுத்தால் போதும்.